மனித செரிமான மண்டலம்

மனித செரிமான மண்டலம் என்பது உண்ணும் உணவைச் சிறு மூலக்கூறுகளாகச் சிதைத்து, அவற்றைக் குருதியிலும் நிணநீரிலும் சேர்த்து, எஞ்சிய கழிவை வெளியேற்றும் உறுப்புகளின் தொகுதி ஆகும். இது சீரண மண்டலம் என்றும், இலங்கை வழக்கில் சமிபாட்டுத் தொகுதி என்றும் அழைக்கப்படுகிறது. வாயில் தொடங்கி மலவாயில் முடியும் ஒரு நீண்ட குழாயும், அதனுள் தம் சுரப்புகளைச் சேர்க்கும் துணை உறுப்புகளும் இம்மண்டலத்தில் அடங்கும். இக்குழாய் உணவுப்பாதை எனப்படும். தசைகள் தளர்ந்துவிட்ட இறந்த உடலில் அளந்தால் இதன் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர் இருக்கும். உயிருள்ள உடலில் தசைகள் இறுகியிருப்பதால் இது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உணவுப்பாதை இருபுறமும் திறந்த குழாய் ஆகும். எனவே விழுங்கிய உணவு வயிற்றினுள் இருந்தாலும், குடற்சுவரைக் கடந்து குருதியை அடையும் வரை அது உடலுக்குள் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. தெரியாமல் விழுங்கப்பட்ட நாணயம் ஒன்று பெரும்பாலும் மாற்றமின்றி வெளியேறிவிடுவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். வெளியிலிருந்து வருவனவற்றில் எதை உள்ளே ஏற்பது, எதை வெளியே நிறுத்துவது என்பதே இம்மண்டலத்தின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

செரிமானத்தின் தேவை

உணவின் முதன்மைக் கூறுகளான மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் பெரிய மூலக்கூறுகளால் ஆனவை. இவை குடற்சுவரில் உள்ள உயிரணுக்களின் மென்படலத்தைக் கடக்க இயலாதவை. மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் கோக்கப்பட்ட சங்கிலி. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. கொழுப்பு என்பது கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த சேர்மம். இச்சங்கிலிகளின் பிணைப்புகளை நீரைச் சேர்த்து வெட்டும் வேதிவினை நீராற்பகுப்பு எனப்படும். இவ்வினை உடல் வெப்பநிலையில் தானாக நிகழ மிக நீண்ட காலம் ஆகும். அதனை விரைவுபடுத்தும் புரதங்களே செரிமான நொதிகள்.

நீர், உப்புகள், உயிர்ச்சத்துகள், குளுக்கோசு போன்றவை செரிக்கப்படத் தேவையில்லை. அவை அப்படியே உறிஞ்சப்படக் கூடியவை.

செரிமானம் இரு வகைப்படும். மெல்லுதல், பிசைதல், கலக்குதல் ஆகியவை பொறிமுறைச் செரிமானம் ஆகும். நொதிகளும் அமிலமும் மூலக்கூறுகளைச் சிதைப்பது வேதிச் செரிமானம் ஆகும். முதலாவது இரண்டாவதற்கு உதவுகிறது. உணவு எந்த அளவுக்குச் சிறு துகள்களாகிறதோ, அந்த அளவுக்கு நொதிகள் செயற்படுவதற்கான பரப்பு மிகுகிறது.

உறுப்புகளும் அவற்றின் பணிகளும்

வாய்

செரிமானம் வாயில் தொடங்குகிறது. பற்கள் உணவை வெட்டி அரைக்கின்றன. நாக்கு அதனைப் புரட்டிப் பற்களுக்கிடையே தள்ளுகிறது. காதுகளுக்கு அருகில் கன்னத்திலும், கீழ்த்தாடையின் உட்புறத்திலும், நாவின் அடியிலும் அமைந்த மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒரு நாளில் ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீரைச் சுரக்கின்றன. உமிழ்நீரில் 99 விழுக்காட்டுக்கும் மேல் நீரே ஆகும். எஞ்சியதில் உணவை வழுக்கச் செய்யும் சளிப்பொருள், நுண்ணுயிர்களை அழிக்கும் லைசோசைம், மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேசு ஆகியவை அடங்கும்.

சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் சற்றே இனிப்பதை எவரும் உணரலாம். சுவையற்ற மாவுச்சத்து, அமைலேசு நொதியால் மால்ட்டோசு என்னும் சர்க்கரையாக மாறுவதே இதற்குக் காரணம்.

தொண்டையும் உணவுக்குழாயும்

மென்ற உணவு கவளமாகத் திரண்டு தொண்டைக்குச் செல்கிறது. தொண்டை, மூச்சுக்கும் உணவுக்கும் பொதுவான வழி ஆகும். விழுங்கும்போது மேலண்ணத்தின் மென்பகுதி உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது, குரல்வளை மேலெழும்பி முன்னகர, குரல்வளைமூடி அதன் வாயில் கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒன்றுசேர்கின்றன, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நிகழ்கின்றன. விழுங்குதலைத் தொடங்குவது நம் விருப்பத்திற்கு உட்பட்டது. தொடங்கிய பின் அதனை நிறுத்த இயலாது. இந்த ஒழுங்கு தவறி உணவு மூச்சுவழியில் நுழைவதே புரையேறுதல் ஆகும். பக்கவாதம் போன்ற நோய்களால் இவ்வனிச்சைச் செயல் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணவு நுரையீரலை அடைந்து உயிருக்கு ஊறு நேரக்கூடும்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. அதன் சுவரிலுள்ள வட்டத் தசைகள் கவளத்திற்கு மேலே சுருங்கியும் கீழே தளர்ந்தும் அதனைத் தள்ளுகின்றன. அலைபோல் நகரும் இச்சுருக்கம் அலைவியக்கம் எனப்படும். உணவு புவியீர்ப்பினால் மட்டும் இறங்குவதில்லை. தலைகீழாக நின்றாலும் விழுங்க இயலும். விண்வெளி வீரர்கள் எடையற்ற நிலையில் உண்ண முடிவதும் இதனாலேயே. உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசை, இரைப்பையின் அமிலம் மேலேறாமல் தடுக்கிறது. இத்தசை வலுவிழக்கும்போது தோன்றும் எரிச்சலே நெஞ்செரிச்சல் ஆகும். இதற்கும் இதயத்திற்கும் தொடர்பு இல்லை. ஆயினும் மாரடைப்பின் வலியும் சிலருக்கு நெஞ்செரிச்சல் போலவே தோன்றுவதால், இரண்டையும் வேறுபடுத்தி அறிவது மருத்துவரின் பணி ஆகும்.

இரைப்பை

இரைப்பை உதரவிதானத்தின் கீழ், வயிற்றின் இடப்புறமாக அமைந்த, விரியக்கூடிய பை ஆகும். வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும் இது, உணவு உண்டபின் 1 முதல் 1.5 லிட்டர் வரை கொள்ளும். இதன் சுவரில் நீள்வாட்டிலும், வட்டமாகவும், சாய்வாகவும் அமைந்த மூன்று தசையடுக்குகள் உள்ளன. இவை உணவைக் கடைந்து, கூழ் போன்ற இரைப்பைப்பாகு ஆக்குகின்றன.

இரைப்பைச் சுவரின் சுரப்பிகள் ஒரு நாளில் ஏறத்தாழ 2 லிட்டர் நீரைச் சுரக்கின்றன. இதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- ஐதரோகுளோரிக் அமிலம்: இரைப்பையின் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணை (பிஎச்) 1.5 முதல் 3.5 வரையிலான அளவுக்குத் தாழ்த்துகிறது. உணவுடன் வரும் நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. புரதங்களின் மடிப்புகளை விரித்து, நொதிகள் வெட்டுவதற்கு வழி செய்கிறது.
- பெப்சினோசன்: செயலற்ற வடிவில் சுரக்கப்பட்டு, அமிலத்தில் பெப்சினாக மாறிப் புரதங்களை வெட்டுகிறது.
- உள்ளார்ந்த காரணி: உயிர்ச்சத்து பி12 உறிஞ்சப்படுவதற்கு இன்றியமையாத புரதம். இது இல்லாவிடில் உணவில் பி12 போதிய அளவு இருந்தும் குருதிச்சோகை உண்டாகும்.
- சளியும் பைகார்பனேட்டும்: இரைப்பைச் சுவரைக் காக்கின்றன.

இறைச்சியைக் கரைக்கும் இரைப்பை, தசையால் ஆன தன்னையே ஏன் செரித்துவிடுவதில்லை என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்ட கேள்வி. இதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாதுகாப்புகள் உள்ளன. முதலாவதாக, சுவரின் மேல் கெட்டியான சளிப்படலம் பரவியுள்ளது. அதனுள் சுரக்கும் பைகார்பனேட்டு, கசிந்துவரும் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. இரண்டாவதாக, சுவரின் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. மூன்றாவதாக, இவ்வுயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகின்றன. இப்பாதுகாப்பு குலையும் இடத்தில் தோன்றும் புண்ணே இரைப்பைப்புண் ஆகும்.

இரைப்பையில் உறிஞ்சுதல் மிகக் குறைவு. மதுசாரமும் ஆசுபிரின் போன்ற சில மருந்துகளும் ஓரளவு இங்கு உறிஞ்சப்படுகின்றன. உணவின் தன்மையைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத்தில் இரைப்பை பெரும்பாலும் வெறுமையாகிறது. கொழுப்பு மிகுந்த உணவு கூடுதல் நேரம் தங்கும்.

சிறுகுடல்

வேதிச் செரிமானத்தின் பெரும்பகுதியும் உறிஞ்சுதலின் பெரும்பகுதியும் சிறுகுடலிலேயே நிகழ்கின்றன. இரைப்பையின் பெரும்பகுதியை அறுவை மருத்துவத்தில் நீக்கியபின்னும் ஒருவர் வாழ இயலும். ஆனால் சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர் வாய்வழி உணவால் மட்டும் வாழ்வது மிகக் கடினம்.

சிறுகுடல் மூன்று பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள முன்சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் வந்து சேர்கின்றன. நடுச்சிறுகுடலில் பெரும்பாலான ஊட்டப்பொருட்கள் உறிஞ்சப்படுகின்றன. பின்சிறுகுடலின் கடைப்பகுதியில் உயிர்ச்சத்து பி12-உம் பித்த உப்புகளும் உறிஞ்சப்படுகின்றன.

சிறுகுடலின் திறன் அதன் உட்பரப்பில் உள்ளது. உட்சுவர் வட்ட மடிப்புகளாக மடிந்துள்ளது. ஒவ்வொரு மடிப்பிலும் ஏறத்தாழ 0.5 முதல் 1 மி.மீ. உயரமுள்ள விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு குடலுறிஞ்சியையும் மூடியுள்ள உயிரணுக்களின் மேல், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுறிஞ்சிகள் தூரிகை மயிர் போல் அடர்ந்துள்ளன. இப்பரப்பு ஒரு டென்னிசு ஆடுகளத்திற்குச் சமம் எனப் பாடநூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. ஆயினும் 2014-ஆம் ஆண்டு வெளியான சுவீடன் ஆய்வாளர்களின் அளவீடு, முழு உணவுப்பாதையின் உட்பரப்பையும் ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என மதிப்பிட்டது. இது பூப்பந்தாட்டக் களத்தின் பாதிக்கும் குறைவு ஆகும். ஆயினும் உடலை மூடியுள்ள ஏறத்தாழ 2 சதுர மீட்டர் தோலுடன் ஒப்பிட்டால் இது பன்மடங்கு பெரிது.

ஒவ்வொரு குடலுறிஞ்சியின் உள்ளேயும் குருதி நுண்குழாய்களின் வலையும், பாற்குழல் எனப்படும் நிணநீர்க்குழல் ஒன்றும் உள்ளன. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் நுண்குழாய்கள் வழியாகக் குருதியை அடைந்து, வாயிற்சிரையின் மூலம் நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்பு வேறு வழியில் செல்கிறது. சிதைந்த கொழுப்பு, குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் மீண்டும் கொழுப்பாக இணைக்கப்பட்டு, புரத உறையிட்ட நுண்துளிகளாகப் பாற்குழலினுள் விடப்படுகிறது. அங்கிருந்து அது நிணநீருடன் மார்பு வழியாக மேலேறி, கழுத்தின் அடியில் உள்ள பெருஞ்சிரையில் குருதியுடன் கலக்கிறது. கொழுப்புணவுக்குப் பின் இக்குழல்கள் பால் போல் வெண்மையாகத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றன.

கணையம்

கணையம் இரைப்பையின் பின்புறம் அமைந்த, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள சுரப்பி ஆகும். இன்சுலின் முதலிய இயக்குநீர்களைக் குருதியில் விடுவதுடன், ஒரு நாளில் ஏறத்தாழ 1.5 லிட்டர் செரிமான நீரையும் முன்சிறுகுடலினுள் விடுகிறது. இந்நீரில் உள்ள பைகார்பனேட்டு, இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிதைக்கும் நொதிகள் இதில் அடங்கியுள்ளன.

புரதத்தை வெட்டும் நொதிகளைத் தயாரிக்கும் உயிரணுவும் புரதத்தால் ஆனதே. இதனால் அந்நொதிகள் செயலற்ற வடிவில் தயாரிக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. டிரிப்சினோசன் குடலை அடைந்த பின்னரே, குடற்சுவரில் உள்ள என்டிரோக்கினேசு என்னும் நொதியால் வெட்டப்பட்டு டிரிப்சினாக மாறுகிறது. பின்னர் டிரிப்சின் ஏனைய நொதிகளைச் செயலூட்டுகிறது. இந்த ஒழுங்கு மீறி நொதிகள் கணையத்தின் உள்ளேயே செயற்படத் தொடங்கினால், கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி எனப்படும் இக்கடும் நோய்க்குப் பித்தக்கற்களும் மிகை மதுப்பழக்கமும் முதன்மைக் காரணங்கள் ஆகும்.

கல்லீரலும் பித்தப்பையும்

கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுடையது; உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது. செரிமானத்தில் இதன் நேரடிப் பணி பித்தநீரைச் சுரப்பது ஆகும். பித்தநீரில் நொதிகள் இல்லை. அதிலுள்ள பித்த உப்புகள், சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போலக் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கின்றன. நீரில் கரையாத கொழுப்பினை, நீரில் கரைந்துள்ள லிப்பேசு நொதி இத்துளிகளின் மேற்பரப்பில்தான் தாக்க முடியும்.

பித்தநீர் பித்தப்பையில் அடர்வாக்கிச் சேமிக்கப்பட்டு, கொழுப்புணவு வரும்போது வெளிவிடப்படுகிறது. பணி முடிந்த பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு பின்சிறுகுடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலை அடைகின்றன. ஆகவே, சிறு அளவிலான உப்பே ஒரு நாளில் பலமுறை சுழன்று பயன்படுகிறது. பித்தநீரின் நிறமிகள், முதிர்ந்து அழியும் சிவப்பணுக்களின் ஈமோகுளோபினிலிருந்து வருபவை. மலத்தின் பழுப்பு நிறத்திற்கு இவற்றின் மாற்றமே காரணம். பித்தநாளம் அடைபட்டால் மலம் வெளிறும். கண்களும் தோலும் மஞ்சளாகும்.

பெருங்குடல்

ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் பணி, எஞ்சிய நீரையும் உப்புகளையும் மீட்பது ஆகும். ஒரு நாளில் உண்பதும் பருகுவதும் சுமார் 2 லிட்டர் நீரைத் தருகின்றன. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகியவற்றுடன் சேர்த்து 8 முதல் 9 லிட்டர் நீர் உணவுப்பாதையினுள் வருகிறது. இதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, ஏறத்தாழ 1.5 லிட்டர் பெருங்குடலை அடைகிறது. மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. இக்கணக்கில் ஏற்படும் சிறு பிழையும் வயிற்றுப்போக்காகவோ மலச்சிக்கலாகவோ வெளிப்படும்.

பெருங்குடலில் மிகப் பெரும் எண்ணிக்கையில் பாக்டீரியங்கள் வாழ்கின்றன. இவை மனித உயிரணுக்களைப் போல் பத்து மடங்கு என்ற கூற்று நெடுங்காலம் வழங்கி வந்தது. 2016-இல் வெளியான மதிப்பீடு, உடலிலுள்ள பாக்டீரியங்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்றும், மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி என்றும் கணித்தது. அதாவது, இரண்டும் ஏறக்குறைய சமம். மனித நொதிகளால் சிதைக்க இயலாத நார்ப்பொருளை இப்பாக்டீரியங்கள் நொதிக்கச் செய்து, பெருங்குடற் சுவருக்கு ஆற்றலளிக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. உயிர்ச்சத்து கே-யின் ஒரு பகுதியும் இவற்றால் கிடைக்கிறது. துணைவிளைவாக ஐதரசன், கரியமில வளி, சிலரில் மீத்தேன் ஆகிய வளிமங்கள் உண்டாகின்றன.

முதன்மை நொதிகள்

| நொதி | சுரக்கும் இடம் | சிதைக்கும் பொருள் | விளைபொருள் |
|---|---|---|---|
| அமைலேசு | உமிழ்நீர்ச் சுரப்பி, கணையம் | மாவுச்சத்து | மால்ட்டோசு, குறுஞ்சங்கிலிகள் |
| பெப்சின் | இரைப்பை | புரதம் | பெப்டைடுகள் |
| டிரிப்சின், கைமோடிரிப்சின் | கணையம் | புரதம், பெப்டைடுகள் | சிறு பெப்டைடுகள் |
| லிப்பேசு | கணையம் (சிறிதளவு இரைப்பை) | கொழுப்பு | கொழுப்பு அமிலங்கள், ஒற்றைக்கிளிசரைடு |
| மால்ட்டேசு | சிறுகுடற் சுவர் | மால்ட்டோசு | குளுக்கோசு |
| சுக்குரேசு | சிறுகுடற் சுவர் | கரும்புச் சர்க்கரை | குளுக்கோசு, புருக்டோசு |
| லாக்டேசு | சிறுகுடற் சுவர் | பாற்சர்க்கரை | குளுக்கோசு, கேலக்டோசு |
| பெப்டிடேசுகள் | சிறுகுடற் சுவர் | சிறு பெப்டைடுகள் | அமினோ அமிலங்கள் |

லாக்டேசு நொதி குழந்தைப் பருவத்தில் மிகுதியாகவும், பின்னர் பெரும்பாலானோரில் குறைவாகவும் சுரக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வளர்ந்தபின் பாற்சர்க்கரையை முழுமையாகச் செரிக்கும் திறன் குறைகிறது. செரிக்கப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து பாக்டீரியங்களால் நொதிப்பதால் வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் தோன்றலாம். தயிரில் பாற்சர்க்கரையின் ஒரு பகுதி பாக்டீரியங்களால் முன்னரே சிதைக்கப்பட்டிருப்பதால், பால் ஒவ்வாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது.

கட்டுப்பாடு

செரிமான நீர்கள் எப்பொழுதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. உணவைக் காணுதல், முகர்தல், நினைத்தல் ஆகியவையே உமிழ்நீரையும் இரைப்பைநீரையும் தூண்டப் போதுமானவை. இத்தூண்டல் மூளையிலிருந்து வேகசு நரம்பு வழியாக வருகிறது. உணவு இரைப்பையை அடைந்தபின், இரைப்பையின் விரிவும் புரதங்களின் இருப்பும் காசுட்ரின் என்னும் இயக்குநீரைத் தூண்டி அமிலச் சுரப்பை மிகுவிக்கின்றன.

முன்சிறுகுடலின் கட்டுப்பாடு பின்னூட்ட முறையில் அமைந்துள்ளது. அமிலம் குடலை அடைந்ததும் செக்ரிட்டின் சுரந்து, கணையத்திலிருந்து பைகார்பனேட்டை வரவழைக்கிறது. அமிலம் நடுநிலையானதும் செக்ரிட்டின் குறைகிறது. கொழுப்பும் புரதமும் வந்ததும் கோலிசிசுட்டோக்கினின் சுரந்து, பித்தப்பையைச் சுருக்கி, கணைய நொதிகளைத் தூண்டி, இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகிறது. இதனால் குடல் தன்னால் இயன்ற அளவு உணவையே ஒருமுறையில் பெறுகிறது.

உணவுப்பாதையின் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட தனி நரம்பு வலை உள்ளது. மூளையின் கட்டளை இல்லாமலே இவ்வலை குடலின் அசைவுகளை இயக்க வல்லது. உண்ணாத நேரத்திலும் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து குடலின் கடைசிவரை ஓர் அலை சென்று எச்சங்களைத் துடைத்துச் செல்கிறது. பசி வேளையில் வயிறு இரைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆய்வு வரலாறு

இரைப்பை உணவை அரைத்துச் செரிக்கிறதா, கரைத்துச் செரிக்கிறதா என்பது 18-ஆம் நூற்றாண்டில் விவாதிக்கப்பட்டது. பிரான்சைச் சேர்ந்த இரேயோமூர் 1752-இல் துளையிட்ட உலோகக் குழாய்களில் இறைச்சியை வைத்துப் பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். குழாயினுள் அரைபட வழியில்லாத இறைச்சியும் கரைந்திருந்தது. இத்தாலியரான சுபல்லன்சானி துணிப்பைகளில் உணவை வைத்துத் தாமே விழுங்கி இதனை உறுதி செய்தார்.

1822 சூன் 6 அன்று வட அமெரிக்காவின் மெக்கினா தீவில் அலெக்சிசு செயிண்ட் மார்ட்டின் என்னும் இளந்தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டில் தற்செயலாகக் காயமுற்றார். உயிர் பிழைத்தாலும் அவரது வயிற்றில் இரைப்பை வரை சென்ற துளை மூடவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் வில்லியம் பியூமோன்ட், அத்துளை வழியே நூலில் கட்டிய உணவுத்துண்டுகளை இறக்கி, அவை கரையும் நேரத்தை அளந்தார். 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் முடிவுகளை 1833-இல் நூலாக வெளியிட்டார். உணர்ச்சிவயப்படும்போது இரைப்பையின் செயற்பாடு மாறுவதையும் அவர் பதிவு செய்தார். வறியவரான செயிண்ட் மார்ட்டின் இந்த ஆய்வுகளை விரும்பி ஏற்றாரா என்பது இன்று மருத்துவ அறநெறிப் பாடங்களில் எழுப்பப்படும் கேள்வி. 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கூறாய்வு செய்யாதிருக்க, குடும்பத்தினர் அது சிதையும்வரை காத்திருந்து அடக்கம் செய்தனர்.

1836-இல் செருமானியர் தியோடர் சுவான் பெப்சினைக் கண்டறிந்தார். செரிமானச் சுரப்பிகளின் நரம்புக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த உருசியர் இவான் பாவ்லோவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றார். இலண்டனில் பேலிசும் இசுட்டார்லிங்கும் 1902-இல், நரம்புகள் அறுக்கப்பட்ட குடலில் அமிலத்தைச் செலுத்தியபோதும் கணையம் சுரப்பதைக் கண்டு, செக்ரிட்டினை அடையாளம் கண்டனர். இயக்குநீர் என்னும் கருத்து இதிலிருந்தே உருவாயிற்று.

இரைப்பைப்புண் மனவழுத்தத்தாலும் காரமான உணவாலும் வருவதாக 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம்பப்பட்டது. ஆசுத்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரன், பாரி மார்சல் ஆகியோர், அமிலத்தில் வாழும் எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியத்தை 1982-இல் வளர்த்தெடுத்தனர். இதனை ஏற்க மருத்துவ உலகம் தயங்கியபோது, மார்சல் 1984-இல் அப்பாக்டீரியக் கரைசலைத் தாமே பருகி, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று பெரும்பாலான இரைப்பைப்புண்களுக்கு இப்பாக்டீரியமோ, சில வலிநீக்கி மருந்துகளோ காரணம் என்பது ஏற்கப்பட்டுள்ளது.

வயிற்றுப்போக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்

குடலின் உறிஞ்சும் முறையைப் பற்றிய அறிவு பல இலட்சம் உயிர்களைக் காத்துள்ளது. வாந்திபேதியை (காலரா) உண்டாக்கும் பாக்டீரியத்தின் நச்சு, சிறுகுடலின் உயிரணுக்களைக் குளோரைடை இடைவிடாது வெளியேற்றத் தூண்டுகிறது. சோடியமும் நீரும் அதனைப் பின்தொடர்கின்றன. நோயாளி சில மணி நேரத்தில் பல லிட்டர் நீரை இழந்து இறக்கக்கூடும். வெறும் நீரைப் பருகக் கொடுப்பது இதற்குப் போதுமானது அன்று. ஏனெனில் நீர் தானாக உறிஞ்சப்படுவதில்லை. அது உறிஞ்சப்படும் உப்பையும் சர்க்கரையையும் பின்தொடர்ந்தே செல்கிறது.

குடற்சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதம், குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருசேர உள்ளே கொண்டுசெல்கிறது என்னும் கருத்தை இராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். காலரா நச்சு இக்கடத்தியைப் பாதிப்பதில்லை. ஆகவே உப்புடன் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால், நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சும். 1968-இல் டாக்காவில் நடந்த மருத்துவ ஆய்வுகள் இதனை மெய்ப்பித்தன.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் ஏதிலிகள் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிசு உப்பையும் குளுக்கோசையும் சமையல் சோடாவையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு வீதம் 4 விழுக்காட்டுக்கும் கீழாகக் குறைந்தது. மகாலனாபிசு 2022-இல் காலமானார்; மறைவுக்குப் பின் 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருதை அறிவித்தது.

இன்று பொட்டலங்களில் கிடைக்கும் உயிர்காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் ஒரு லிட்டரில், உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரைப்படி 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டு ஆகியவை உள்ளன. பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய குடிநீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் (இரண்டும் தலைதட்டி) கலந்து பயன்படுத்தலாம். அளவு முதன்மையானது: உப்பு மிகுந்தால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரும், சர்க்கரை மிகுந்தால் குடலினுள் நீர் இழுக்கப்பட்டுப் போக்கு மிகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு வயிற்றுப்போக்கு இன்றும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக உள்ளது.

பிற நோய்கள்

- பித்தக்கற்கள்: பித்தநீரின் கொலசுட்டிரால் அல்லது நிறமிகள் படிகமாவதால் தோன்றுபவை. பித்தப்பை நீக்கப்பட்டாலும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலை அடைவதால் செரிமானம் தொடர்கிறது.
- குடல்வால் அழற்சி: பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குடல்வாலில் தோன்றும் அழற்சி. குடல்வால் பயனற்றது எனக் கருதப்பட்டாலும், அதில் நோயெதிர்ப்பு இழையங்கள் உள்ளன.
- சீலியாக் நோய்: கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் புரதத்திற்கு எதிரான நோயெதிர்ப்பு விளைவால் குடலுறிஞ்சிகள் தேய்வது. உணவிலிருந்து குளூட்டனை நீக்கினால் அவை மீண்டும் வளர்கின்றன.
- மலச்சிக்கல்: மலம் பெருங்குடலில் கூடுதல் நேரம் தங்குவதால் நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்டு இறுகுவது. நார்ப்பொருள் குறைந்த உணவு பொதுவான காரணங்களுள் ஒன்று.

மலத்தில் குருதி, கரிய நிற மலம், விழுங்குவதில் தொடர்ந்த இடர்ப்பாடு, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை மருத்துவரின் உடனடிக் கவனத்திற்கு உரிய அறிகுறிகள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- நொதி
- கல்லீரல்
- கணையம்
- இயக்குநீர்
- வாந்திபேதி
- நிணநீர் மண்டலம்